தக்காளி விஷம், முட்டை எமன்: படித்தவர்கள்கூட எப்படி நம்பினார்கள்?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தக்காளியை விஷம் என்றார்கள், உருளைக்கிழங்கு தின்றால் குஷ்டம் வரும் என்று பயந்தார்கள், போன நூற்றாண்டில் முட்டையை இதயத்துக்கு எமன் என்றார்கள். இதையெல்லாம் மருத்துவர்களும் பேராசிரியர்களும்கூட எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: ‘அப்படியானால் இன்றைக்கு இவர்கள் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?’ அந்தக் கடைசி வரிதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. நான் உணவு வேதியியல் படித்தவன். பல வருடம் ஆய்வகத்தில் உணவு மாதிரிகளைப் பரிசோதித்தும், பிறகு அதைப் பாடமாக நடத்தியும் காலம் ஓட்டியவன். மருத்துவன் இல்லை. அதனால் எது எப்படிப் பரவியது என்று சொல்ல முடியும். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிடலாம் என்று சொல்ல முடியாது.

முன்னோர்கள் முட்டாள்கள், நாம் புத்திசாலிகள் என்ற கணக்கோடு இதைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இந்த நம்பிக்கைகளின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றின் அடியிலும் ஒரு உண்மை கிடக்கும். அந்த உண்மைக்கு ஒரு நிபந்தனை இருந்திருக்கும்: செடியின் இந்தப் பகுதிக்கு மட்டும், இவ்வளவு அளவுக்கு மேல் போனால், இந்த விலங்குக்கு, இந்தச் சத்துக் குறைபாடு உள்ளவருக்கு என்று. வாய்மாறிப் போகும் வழியில் நிபந்தனை உதிர்ந்துவிடும், மீதி மட்டும் ஊர் சுற்றும். மறுப்புகளுக்கும் இதே கதிதான் நேர்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தக்காளியில் இருந்து தொடங்கலாம். தென் அமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோ பக்கம் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த செடி அது. அங்கிருந்த தாவரவியலாளர்கள் கையில் எடுத்துப் பார்த்தபோது என்ன தெரிந்திருக்கும்? பூவின் அமைப்பு, இலையின் வாடை, காயின் உட்புறம் எல்லாமே பெல்லடோனா, மாண்ட்ரேக் போன்ற கொடிய செடிகளின் சாயல். ஊமத்தையும் அதே கத்தரிக் குடும்பம்தான். இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544இல் தக்காளியை மாண்ட்ரேக்கோடு சேர்த்து எழுதியதை இன்றைய வகைப்பாட்டின்படியும் முழுத் தவறு என்று சொல்ல முடியாது. குடும்பத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஒரு குடும்பத்தில் நாலு பேர் கொலைகாரர்கள் என்றால் ஐந்தாவது ஆளையும் சந்தேகிப்பது இயல்புதானே. போதாக்குறைக்குத் தக்காளியின் இலையிலும் பச்சைக் காயிலும் டொமாட்டின் என்ற கசப்பான ஆல்கலாய்டு, அதாவது செடிகள் உண்டாக்கும் நச்சு வகைப் பொருள், உண்மையாகவே இருக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அது வெகுவாகக் குறைந்துவிடும். ‘பழுக்காத நிலையில், இலையில்’ என்ற நிபந்தனை போனதும் முழுச் செடியும் விஷமாகிவிட்டது.

இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் செடி முழுவதும் நாற்றம் பிடித்தது என்று எழுதினார். அதே நூலில், ஸ்பெயினிலும் வெப்பமான நாடுகளிலும் இதை மிளகும் உப்பும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்! அதாவது, பக்கத்து நாட்டுக்காரன் சாப்பிட்டுவிட்டு உயிரோடு நடமாடுவது அவருக்குத் தெரியும். இருந்தும் இங்கிலாந்தில் அது வெகுகாலம் அழகுச் செடியாகவே நின்றது. என் கருத்தில் இதில் பயத்தைவிட அலட்சியத்துக்குத்தான் பங்கு அதிகம். ஒரு உணவு இல்லாமலே சமையல் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றிய கெட்ட பேச்சைச் சரிபார்க்க யாருக்கும் அவசரம் இருக்காது.

தக்காளி பற்றி இணையத்தில் அடிக்கடி வரும் இரண்டு கதைகளை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பணக்காரர்கள் ஈயம் கலந்த தட்டில் சாப்பிட்டார்கள், தக்காளியின் அமிலம் ஈயத்தைக் கரைத்தது, அதனால் செத்தார்கள், பழி தக்காளி மேல் விழுந்தது என்பது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஈய நஞ்சு மெல்ல மெல்லச் சேர்ந்து வேலை செய்வது. ஒரு வேளை சாப்பாட்டோடு முடிச்சுப் போடுகிற மாதிரி ஆளைச் சாய்ப்பதில்லை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதே தட்டில் விழுந்தவைதான், அவற்றுக்கு அந்தக் கெட்ட பெயர் வரவில்லை. இன்னொன்று, 1820இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் ராபர்ட் கிப்பன் ஜான்சன் என்பவர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று கூட்டத்தின் முன் தக்காளியைத் தின்று காட்டினார் என்ற கதை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இது இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து முளைத்து, சொல்பவர் மாற மாற வளர்ந்தது.

பயம் தெளிந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 1830களில் அமெரிக்காவில் ஜான் குக் பென்னட் என்ற மருத்துவர், தக்காளி ஈரலுக்கும் வயிற்றுக்கும் கைகண்ட மருந்து என்று பேசவும் எழுதவும் தொடங்கினார். பத்திரிகைகள் அதை எடுத்துப் போட, சில வருடங்களுக்குள் ‘தக்காளி மாத்திரை’ என்று விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்வரை சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட பழம் சர்வரோக நிவாரணியாகிவிட்டது. விஷம், மருந்து என்ற இரண்டு நாற்காலிகளைத்தான் மனிதன் உணவுக்குப் போடுவான் போல. சும்மா உணவாக உட்கார இடம் கொடுப்பதில்லை.

உருளைக்கிழங்கின் கதை கொஞ்சம் வேறு. அது நாற்றுப் போட்டுப் பார்த்த தாவரவியலாளரின் பயம் என்பதைவிட, தின்னச் சொல்லப்பட்ட ஏழையின் பயம். மண்ணுக்கடியில் விளைவது, புடைப்பும் கணுவுமாக இருப்பது, தோல் சொரசொரப்பது எல்லாம் சேர்ந்து அதைக் குஷ்டத்தோடு இணைத்தன. ஒரு செடியின் தோற்றமே அது எந்த நோயோடு தொடர்புடையது என்று காட்டிக்கொடுக்கும் என்ற கோட்பாடு அன்றைய மருத்துவத்தில் மரியாதைக்குரியதாக இருந்தது. படித்தவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள். 1765இல் வெளியான பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் உருளைக்கிழங்கு வாயுத் தொல்லை கொடுக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, உழவர்கள், கூலிகளின் உறுதியான குடலுக்கு வாயு ஒரு பொருட்டா என்று கேட்டது. அறிவியல் பேசுகிற வாயில் வர்க்கம் எவ்வளவு சுலபமாக நுழைகிறது பாருங்கள். ‘இது அவர்கள் சாப்பாடு’ என்ற எண்ணம் முன்னால் வந்துவிட்டால், உடலுக்கு ஆகாது என்பதற்கான காரணம் தானாகப் பின்னால் வரும்.

அந்தப் பயத்தை உடைத்தது பெரும்பாலும் பசிதான். பிரெஞ்சு ராணுவ மருந்தாளுநர் பார்மென்ட்டியே ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கு தின்றே காலம் தள்ளினார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டார். 1770ஐ ஒட்டி விளைச்சல் பொய்த்தபோது, பஞ்சத்தில் கோதுமைக்கு மாற்றாக எதைத் தின்னலாம் என்று பிரான்சின் பெசான்சோன் நகரக் கல்விக்கழகம் ஒரு போட்டி வைத்தது. அதில் அவர் பரிசு வாங்கினார். பாரிஸ் மருத்துவப் பீடமும் ஏறக்குறைய அதே சமயத்தில் உருளைக்கிழங்கில் தீங்கில்லை என்று சொன்னது. அவர் வயலுக்குப் பகலில் காவல் போட்டு, இரவில் காவலை விலக்கி, மக்கள் திருடித் தின்னும்படி செய்தார் என்பது எல்லாரும் விரும்பிச் சொல்லும் கதை. அரசர் நிலம் கொடுத்தது உண்மை; மீதியை ஒரு சிட்டிகை உப்போடு கேட்டுக்கொள்ளலாம். ரஷ்யாவில் நிலைமை தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு கட்டாயப்படுத்திப் பயிரிடச் சொன்னபோது விவசாயிகள் கலகமே செய்தார்கள். அங்கே எதிர்ப்பு கிழங்கின் மேலா, உத்தரவு போட்ட அதிகாரியின் மேலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கேரட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கேரட் சாப்பிட்டால் அது சரியாகும். இது உறுதியான உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானி ஜான் கன்னிங்ஹாம் 1940 நவம்பரில் தொடங்கி இரவு நேரத்தில் எதிரி விமானங்களை வரிசையாக வீழ்த்தியபோது, விமானத்தில் இருந்த ரேடாரைப் பற்றி வாய் திறக்க முடியாத அரசுத் தரப்பு, விமானிகள் கேரட் தின்கிறார்கள் என்ற பேச்சைப் பரவ விட்டது. அப்போது நாட்டில் கேரட் வேறு மிதமிஞ்சி விளைந்து கிடந்தது, உணவு அமைச்சகமும் அதைத் தள்ளிவிடக் காத்திருந்தது. ஜெர்மானியர்கள் இதை நம்பி ஏமாந்தார்கள் என்பதற்கு நல்ல சான்று இல்லை. உள்ளூர்க்காரர்கள் நம்பினார்கள் என்பதற்கு நிறையவே இருக்கிறது. ‘குறைபாடு இருந்தால்’ என்ற இரண்டு சொல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பாலக் கீரையும் இரும்புச் சத்தும். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 1870 வாக்கில் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார், 3.5 மில்லிகிராம் 35 ஆகிவிட்டது, உலகமே பல பத்தாண்டுகள் கீரையில் பத்து மடங்கு இரும்பு இருப்பதாக நம்பியது, பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமி பிறந்ததே அதனால்தான். 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்பிளின் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கலகலப்பான கட்டுரையால் இது பிரபலமானது. அவர் ஆதாரம் எதுவும் குறிப்பிடவில்லை. பிறகு வந்தவர்கள் அவரை மேற்கோள் காட்டினார்கள், அவர்களை அடுத்தவர்கள் காட்டினார்கள். 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போய், அப்படி ஒரு தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்குத் தடயமே இல்லை என்று காட்டினார். பாப்பாய்கூட 1932ஆம் வருடத்துப் படக்கதை ஒன்றில் கீரை தின்பதற்குக் காரணமாக வைட்டமின் ஏ என்றுதான் சொல்கிறான், இரும்பு என்று சொல்லவில்லை. ஆக, மூடநம்பிக்கையை உடைக்க வந்த கதையே ஒரு மூடநம்பிக்கை.

சரி, பெரிய எண் எங்கிருந்து வந்திருக்கும்? ஆய்வக மேசையில் நின்றவனுக்கு இதில் பெரிய மர்மம் இல்லை. கீரையில் இரும்பை அளக்க வேண்டுமானால் முதலில் மண் போகக் கழுவ வேண்டும், பிறகு உலர்த்தி, பொடித்து, மூசை என்ற சூடு தாங்கும் கிண்ணத்தில் வைத்து உலையில் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்து அதில் அளக்க வேண்டும். பச்சைக் கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 91 கிராம் தண்ணீர். உலர்த்திய பிறகு கையில் நிற்பது 9 கிராம்தான். பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு 2.7 மில்லிகிராம் இரும்பு என்றால், உலர்ந்த கீரையில் 100 கிராமுக்கு அது 30 ஆகிவிடும். அட்டவணையில் ‘உலர்ந்த எடைக்கு’ என்ற தலைப்பைக் கவனிக்காமல் ஒருவர் எடுத்து எழுதினால் போதும், புள்ளி எதுவும் நகர வேண்டியதில்லை. இதோடு இன்னொரு தலைவலி: கழுவியும் போகாத மண் துகள், அரைக்கிற இரும்புக் கருவி, அமிலத்தில் இருக்கும் கசடு எல்லாமே இரும்பைக் கூட்டிக் காட்டும். மாதிரி இல்லாமல் வெறும் அமிலத்தை மட்டும் அதே வழியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி மாணவர்களை நச்சரிப்பது இதற்காகத்தான். முதல் தடவை அந்த வெறும் மூசையிலேயே இரும்பு காட்டும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட பழைய பிழை எந்த ஆய்வகத்தில் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிழை எவ்வளவு சுலபம் என்று மட்டும் சொல்கிறேன். அப்புறம், கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சத்தைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும் என்பதும் உறுதி. ஆகவே கீரை நல்ல உணவு, இரும்புக்கு மட்டும் அதை நம்பி உட்காரக்கூடாது.

எம்.எஸ்.ஜி. (மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டும் உப்பு) விவகாரம் இதே பாணியில் ஒரு கடிதத்தில் தொடங்கியது. ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968இல் அமெரிக்காவில் இருந்த ராபர்ட் ஹோ மான் க்வோக் என்ற மருத்துவர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அமெரிக்காவில் சீன உணவகத்தில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையலுக்கு ஊற்றும் மதுவா, உப்பா, எம்.எஸ்.ஜி.யா என்று தெரியவில்லை, யாராவது ஆராய்ந்தால் நல்லது என்பது சாரம். கேள்வியாகத்தான் எழுதினார். இதழ் அதற்குச் சீன உணவக நோய்க்குறி என்று தலைப்புப் போட்டது. தலைப்பு ஓடியது, கேள்விக்குறி ஓடவில்லை. மறுவருடம், புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தோலுக்கடியில் பெரிய அளவில் எம்.எஸ்.ஜி. ஊசி போட்டபோது மூளையில் சேதம் வந்ததாக ஜான் ஆல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டார். அந்த முடிவு அந்தச் சோதனைக்குச் சரிதான். சோற்றோடு அரை கிராம் சாப்பிடுகிற மனிதனுக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் செய்தித்தாளில் வரவில்லை.

2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில், தங்களுக்கு எம்.எஸ்.ஜி. ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரை எடுத்து, அவர்களுக்கும் கொடுப்பவருக்கும் எது எம்.எஸ்.ஜி., எது வெற்று மருந்து என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பச் செய்தபோது ஒரே மாதிரி எதிர்வினை காட்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் ‘ஒன்றுமே செய்யாது, எல்லாம் கட்டுக்கதை’ என்று இப்போது சிலர் எழுதுவதும் நிபந்தனையை உதிர்த்த பேச்சுதான். சாப்பாடு இல்லாமல் வெறும் வயிற்றில் 3 கிராமும் அதற்கு மேலும் எடுத்தால் சிலருக்குத் தலைவலி, சிவத்தல் போன்ற தற்காலிகத் தொந்தரவு வரலாம் என்று 1995இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டு வாங்கிய ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. இதே குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் பாலாடைக் கட்டியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. அவற்றை யாரும் சந்தேகிக்கவில்லை. வேற்று நாட்டார் சமையல் என்பதால் இந்தச் சந்தேகம் சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, ஆனால் உணவகத்தின் பெயர் வேறாக இருந்திருந்தால் அந்தத் தலைப்பு எழுந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

முட்டைக்கு வருவோம், உங்களுக்கு இதில்தான் கோபம் அதிகம் என்று தெரிகிறது. 1913இல் ரஷ்யாவில் அனிச்ச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்டிராலைக் கொடுத்தார். ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்தது. அருமையான சோதனை, ரத்தக்குழாய் நோய்க்கும் கொலஸ்டிராலுக்கும் உள்ள தொடர்பு அங்கிருந்துதான் தெளிவானது. ஆனால் முயல் இலை தழை தின்கிற பிராணி, உணவில் வரும் கொலஸ்டிராலைச் சமாளிக்க அதன் உடல் பழகியதில்லை. மனித உடலிலோ பெரும்பங்கு கொலஸ்டிராலை உடலே தயாரிக்கிறது. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் பலருக்கு உள்ளே உற்பத்தி குறைகிறது. 1950களிலேயே ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், உணவில் உள்ள கொலஸ்டிராலுக்கு மனித ரத்தத்தில் பெரிய விளைவு இல்லை, கொழுப்பின் வகைதான் முக்கியம் என்று எழுதிவிட்டார். கொழுப்பின் மேல் எல்லாப் பழியையும் போட்டவர் என்று இன்று திட்டு வாங்குகிற அதே கீஸ்தான்.

பிறகு ஏன் முட்டை மாட்டியது? 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்டிராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. மாரடைப்பால் நடுவயது ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். முழுச் சான்று வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று அவர்கள் நினைத்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் கொலஸ்டிரால் கூடுவது ஆபத்து என்பது சரி. ஆகவே தட்டில் இருக்கும் கொலஸ்டிரால் ரத்தத்துக்கு அப்படியே போகும் என்பது நாக்குக்கு எளிதாக வருகிற தாவல். இன்னொன்று, முட்டையைத் தனியாகக் குறிவைக்க முடிந்தது. நெய், வெண்ணெய், இறைச்சி என்று நூறு பண்டங்களில் பரவிக் கிடக்கும் நிறைகொழுப்பைக் குறை என்பதைவிட, மூன்று முட்டை என்று எண்ணிச் சொல்வது சுலபம். எண்ணக்கூடிய அறிவுரைதான் நிலைக்கும், அது சரியோ தப்போ.

2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் அந்த 300 மில்லிகிராம் வரம்பு எடுக்கப்பட்டது. உடனே ‘கொலஸ்டிரால் பிரச்சினையே இல்லையாம்’ என்று செய்தி பறந்தது. வழிகாட்டியைத் திறந்து படித்தால், எண் வரம்பைத்தான் எடுத்திருக்கிறார்கள், உணவுக் கொலஸ்டிராலை முடிந்தவரை குறைத்தே சாப்பிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள்! நான் முன்னால் சொன்ன மறுப்பின் கதி இதுதான். 2019இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு முட்டை அதிகம் தின்றவர்களிடம் இதய நோய் சற்றுக் கூடுதல் என்றது. 2020இல் இன்னொரு பெரிய ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை தொடர்பு தெரியவில்லை என்றது. இரண்டுமே மக்கள் சாப்பிட்டதாகச் சொன்னதை வைத்துப் பார்த்தவை. முட்டையோடு வேறு என்ன தின்றார்கள், எவ்வளவு நடந்தார்கள் என்பதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆரோக்கியமானவருக்கு நாளைக்கு ஒன்று பெரிய விஷயமில்லை என்பது நியாயமான முடிவு. சர்க்கரை நோய் உள்ளவர், பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகுந்தவர் விஷயத்தில் இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை. அது உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டிய பேச்சு.

‘கம்பெனிகள் பணம் கொடுத்துத்தான் எல்லாம்’ என்று கேள்விக்குள்ளேயே ஒரு குத்தல் வைத்திருக்கிறீர்கள். பாதி சரி. அமெரிக்கச் சர்க்கரைத் துறையின் ஆய்வு அமைப்பு 1960களில் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து, 1967இல் பெயர் பெற்ற இதழ் ஒன்றில் சர்க்கரையின் மேலிருந்த சந்தேகத்தைத் தணித்துக் கொழுப்பைச் சுட்டும் கட்டுரைகளை வரவழைத்தது. பணம் வாங்கியது அந்தக் கட்டுரைகளில் சொல்லப்படவில்லை. 2016இல்தான் பழைய கடிதங்கள் மூலம் இது வெளிவந்தது. இது ஆவணப்படுத்தப்பட்ட சங்கதி. ஆனால் இதிலிருந்து நிறைகொழுப்பு பற்றிய கவலை முழுவதும் காசு கொடுத்து வாங்கியது என்று தாவ முடியாது. பணம் வாங்காத சோதனைகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன. கெட்ட எண்ணமே இல்லாமல் நடந்த பெரிய தவறுக்கு உதாரணம் வேண்டுமென்றால் வனஸ்பதி வகைகளைச் சொல்வேன். விலங்குக் கொழுப்பு ஆபத்து என்று ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னவர்களில் நுகர்வோர் நலனுக்காகவே போராடியவர்களும் இருந்தார்கள். 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும், அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று காட்டிய பிறகுதான் நிலைமை திரும்பியது. அமெரிக்காவில் தடை நடைமுறைக்கு வர 2018 ஆனது.

ஆய்வகம், கம்பெனி, பத்திரிகை எதுவும் தேவைப்படாமல் வீட்டுக்குள்ளேயே உருவாகிற நம்பிக்கைகளும் உண்டு. இனிப்பு கொடுத்தால் குழந்தை துள்ளும் என்பது அதில் ஒன்று. 1994இல் ஹூவர், மிலிச் என்ற இருவர், தங்கள் பையனுக்குச் சர்க்கரை ஆகாது என்று நம்பிய தாய்மாரையும் 5 முதல் 7 வயதுள்ள 35 பையன்களையும் வரவழைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானம்தான். பாதித் தாய்மாரிடம் மட்டும், உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொல்லப்பட்டது. அந்தத் தாய்மார் தங்கள் பையன் அதிகம் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள். காணொளியில் பார்த்தால், அவர்களே பையனை நெருங்கி உட்கார்ந்து, அதிகம் கண்டித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததுதான் சாட்சி என்று நாம் நம்புகிற இடத்திலேயே எதிர்பார்ப்பு வேலை செய்கிறது. ‘என் அனுபவத்தில்’ என்று தொடங்குகிற எந்த வாக்கியத்தையும், என்னுடையதையும் சேர்த்து, இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆக, இன்று சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். குறைபாட்டு நோய்கள் விஷயத்தில், அதாவது எந்தச் சத்து இல்லாவிட்டால் எந்த நோய் என்பதில், அறிவு கெட்டியானது. அது மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டிரான்ஸ் கொழுப்பு கெட்டது என்பதும் அப்படியே. வெவ்வேறு வகைச் சோதனைகள், ஒருவரோடொருவர் ஒத்துப்போக அவசியமில்லாத ஆட்கள், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரு தனிப் பண்டம் இருபது வருடம் கழித்து வரும் நோயைக் கூட்டுமா குறைக்குமா என்ற வகைச் செய்திகளைத் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள். காபி, முட்டை, சிவப்பு மது என்று வாரம் ஒன்றாக வருபவை எல்லாம் இந்த வகை. செய்தியைப் படித்ததும் யாருக்கு, எவ்வளவு, எதற்குப் பதிலாக என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் அந்தச் செய்தியிலேயே இல்லையென்றால் உங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள அவசரமில்லை.

கேள்விக்குக் கீழே சிறியதாக இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைத் தூக்கி எறியச் சொல்வதும் இந்த மாதிரிப் பழைய பயம்தானா என்று. இல்லை, அது சரியான எச்சரிக்கை. பச்சை நிறம் வெறும் பச்சையம், அதனால் தீங்கில்லை. ஆனால் கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டதற்கு அது அடையாளம், அதே வெளிச்சம் சோலனின் போன்ற நச்சையும் தோலுக்கடியில் கூட்டுகிறது. வேகவைத்தாலும் அது அழியாது. ஒரு ஓரத்தில் லேசாகப் பச்சை என்றால் முளையையும் தோலையும் தடிமனாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். பரவலாகப் பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ, தொண்டை கரகரத்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.